பென்சில் எழுத்து

சஸ்காட்சுவானில் டன்ரோஸ் என்றொரு ஊர்.
கோதுமைக் கிடங்குக்கும் ஹாக்கி அரங்குக்கும் நடுவே
ஒற்றை அறையில் எங்கள் நூலகம்.
திருப்பித் தரும் பெட்டியைக் காலையில் நான் திறப்பேன்.
ஜனவரியில் புத்தகங்கள்
உறைந்த மீன்போல் விறைத்துக் கிடக்கும்.

இங்கே அதிகம் தேய்ந்தது
முன்னூற்று அறுபத்து நாலாம் எண் அலமாரி.
மனைவியைக் கொன்ற பல் மருத்துவர்,
மூன்று கணவருக்கும் ஒரே கோப்பையில் தேநீர் தந்தவள்,
இரட்டையரில் மிஞ்சியவன்.
கொலை வீட்டுக்குள் நடந்ததென்றால்
காத்திருப்போர் பட்டியல் நீளும்.
"படங்கள் உண்டா?" என்பார் திருமதி லாக்ஹார்ட்.
உண்டு. எப்போதும் உண்டு.
நடுவில் எட்டுப் பக்கம், வழவழப்புத் தாளில்:
பிறந்தநாள் கேக், ஏரிக்கரை, முன்பல் விழுந்த சிரிப்பு,
பிறகு
மஞ்சள் நாடா கட்டிய வாசல்.

அதில் ஒன்று எங்கள் ஊர் வாசல்.
ஹிரின்சுக் வீடு. தொண்ணூற்றொன்று, அக்டோபர்,
அறுவடை முடிந்த வாரம்.
அப்பாவும் அம்மாவும் போய்விட்டார்கள்.
துப்பாக்கியோடு படியில் உட்கார்ந்திருந்தான்
மகன் டேனிலோ.
எழுத வந்தவர் டொரொண்டோக்காரர்.
பதினோரு நாள் தங்கினார்.
மோட்டலில் துண்டு மாற்றிய பெண்ணுக்குக்கூட
கடைசிப் பக்கத்தில் நன்றி சொல்லியிருக்கிறார்.

போன செவ்வாய் அந்தப் புத்தகம் பெட்டிக்குள் வந்தது,
ஓரமெல்லாம் பென்சில் எழுத்தோடு.
எடுத்துப் போனது யாரென்று சொல்லக் கூடாது, விதி.
ஆனால் ஏழுக்குக் குறுக்கே கோடு போடுகிறவள்
இந்த ஊரில் ஒருத்திதான்.

'சமையலறைக் கடிகாரம் இரண்டு பத்துக்கு நின்றிருந்தது'
என்கிறது புத்தகம்.
ஓடிக்கொண்டிருந்தது, 7 நிமிடம் முந்தி
என்கிறது பென்சில்.
'எந்நேரமும் புன்னகைக்கும் தாய்.'
பல் செட் பொருந்தவில்லை, அதனால் வாய் அப்படி.
அம்மா கடைசியாகச் சுட்டது கசகசா ரொட்டியாம்.
வால்நட்!
இரண்டு முறை அடிக்கோடு,
வழக்கே அதில்தான் இருப்பதுபோல்.
நாற்பத்தாறாம் பக்கத்தில் 'வீட்டு நாய் குரைக்கவில்லை.'
எங்களிடம் நாய் ஏது?

'தந்தை கண்டிப்பானவர்' என்ற இடத்தில்
ஏதோ எழுதி அழித்திருந்தது.
வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்,
தாளைச் சாய்த்து விளக்கில் பிடித்துப் பார்த்தேன்.
ஒரே சொல்.
பெல்ட் என்றிருக்கலாம். பெயராகவும் இருக்கலாம்.

'சகோதரி ஓரிசியா பேச மறுத்துவிட்டார்.'
ஒருவரும் கேட்கவில்லை.
பதினோரு நாளும் கடைக்கு வந்து
என்னிடம்தான் சிகரெட் வாங்கினார்.

இருநூற்றுப் பன்னிரண்டில் மட்டும் எழுத்தே இல்லை.
'அன்றிரவு அவள் மாடியில் உறங்கிக்கொண்டிருந்தாள்.
எதுவும் அவள் காதில் விழவில்லை.'
ஓரம் வெள்ளை வெளேரென்று இருந்தது.
அந்தத் தாளின் மூலை மட்டும்
பலமுறை துவைத்த கைக்குட்டைபோல்
மெத்தென்றிருந்தது.

வாசகர் கிறுக்கியதை அழிப்பது என் வேலை.
மேசை இழுப்பறையில் அதற்கென்றே ரப்பர் உண்டு.
ஆறு பேர் காத்திருக்கிறார்கள்,
முதல் பெயர் லாக்ஹார்ட்.
கடிகாரத்தில் தொடங்கினேன்.
'ஓடிக்கொண்டிருந்தது' என்பதில்
கடைசி எழுத்து மட்டும் போனது.
கை நின்றுவிட்டது.

அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது.
சாலைக்கு எதிர்ப்புறம் எங்கள் வீடு.
காவலர் வந்து கேட்டபோது
கதவருகே நின்று என் கணவர் பதில் சொன்னார்,
இருவருக்குமாகச் சேர்த்து.
நான் காபி போட்டேன்.
காவலருக்கு இரண்டு சர்க்கரை.

ரப்பரை உள்ளே வைத்தேன்.
பென்சிலைச் சீவினேன்.
நாற்பத்தாறாம் பக்கத்தில்
அவள் எழுத்துக்குக் கீழே ஒரு விரல்கிடை இடம் இருந்தது.

நாய் எங்களுடையது.
குரைத்தது.
எழுந்து போய் ஜன்னலைச் சாத்தியது நான்.